காணாமல் போன பைலட் சீட்

எழுபத்தொன்பதாம் வருடம், தை மாதம், ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஹபிபுல்லா பாய், பெரம்பலூரில் சிந்தாமணி டீச்சரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடிப்படியில் செருப்போடு ஏறினார். கீழே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த தர்மராஜுக்கு அது போதுமானதாக இருந்தது. பாய் எப்போதும் செருப்பைப் படியடியில் விட்டு, சட்டையை ஒரு தடவை நீவிக்கொண்டுதான் மேலே போவார். பழைய இரும்பு வியாபாரிதான் என்றாலும் நடைமுறை தெரிந்தவர். அப்படிப்பட்டவர் செருப்போடு போகிறார் என்றால் விஷயம் பெரிது. தர்மராஜ் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியிலேயே மூழ்க விட்டுவிட்டுப் பின்னாலேயே ஏறினான். கூப்பிடாத இடத்துக்குப் போவதில் அவனுக்கு என்றைக்கும் கூச்சம் இருந்ததில்லை.

மேலே சிந்தாமணி டீச்சர் ஒரு கவரில் துபாய் விலாசம் அடித்துக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்களில் பாதிப் பேர் அவரிடம் டைப் கற்றவர்கள். மீதிப் பேர் அவர் அடித்துக் கொடுத்த மனுவைக் கண்டு பயந்தவர்கள். இரண்டு வருடம் முன்பு தொலைந்த பஞ்சாயத்து ரப்பர் ஸ்டாம்பை, எடுத்தவர் பெயரைக்கூட வெளியே சொல்லாமல் மேஜைக்குத் திரும்ப வரவழைத்தவர். அதற்குப் பிறகு எது காணாமல் போனாலும் ஜனங்கள் ஸ்டேஷனுக்கு ஒரு நடையும் டீச்சரிடம் ஒரு நடையும் போனார்கள்.

"டீச்சரம்மா, தந்தி வந்திருக்கு. இங்கிலீஷ்ல இருக்கு. ஆனா நல்ல சேதி இல்லைன்னு பாத்தாலே தெரியுது" என்றார் பாய். கூடவே அவர் அக்கா மகன் அப்துல் லத்தீப் நின்றான். ஆறடி ஆள், கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போன உடம்பு, கறுப்புக் கண்ணாடி. நிமிடத்துக்கு ஒரு தரம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உள்ளே பாஸ்போர்ட் இருந்தது. குளிக்கப் போனாலும் அது கூடவே போகும் என்று தெருவில் பேச்சு.

டீச்சர் கவரை உருவி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த குல்சும்மிடம் கொடுத்துவிட்டுத் தந்தியைப் பிரித்தார். குல்சும் கவருக்குள் ஒரு போட்டோவை வைத்தாள். வைப்பதற்குள் தர்மராஜ் எட்டிப் பார்த்துவிட்டான். அவள் மகள் ஜுலைகா, வரைந்து வெட்டிய அட்டை விமானத்துக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். குல்சும்மின் ஊரான லெப்பைக்குடிகாட்டில் பல வீட்டு ஆண்கள் துபாயிலும் மஸ்கட்டிலும் இருந்தார்கள். பிள்ளை விமானம் ஏறி அத்தாவிடம் வருவதுபோல் ஒரு படம் எடுத்து அனுப்புவது அந்த வருடங்களில் வழக்கமாகிவிட்டிருந்தது. அதற்கென்றே அரியலூர் காசிநாதன் ஸ்டூடியோவில் அந்த அட்டை விமானம் இருந்தது. இந்தப் படத்தில் மட்டும் பிள்ளையின் தலைக்குப் பின்னால் ஒரு திண்டும், அதற்கு மேலே மதகுச் சுவரில் அடிக்கிற மாதிரி வரிவரியாகப் பட்டை போட்ட ஒரு வளையமும் தெரிந்தன.

"காசிநாதன் பிளேனுக்குக் கைப்பிடியெல்லாம் வச்சுட்டாரு போலருக்கு. பஸ்ஸுன்னு நெனச்சுட்டாரா?" என்றான் தர்மராஜ்.

"அவங்க அத்தாவுக்குப் புடிச்சாப் போதும்" என்று குல்சும் முக்காட்டைச் சரி செய்துகொண்டு கீழே இறங்கிப் போனாள்.

டீச்சர் தந்தியை இரண்டு முறை படித்தார். "பாய், நீங்க ஏலத்துல எடுத்த விமானத்துல பைலட் சீட் இருந்துச்சில்ல?"

பாயின் முகம் இன்னும் சுருங்கியது. அந்த விமானத்தைப் பார்க்காதவர்கள் பெரம்பலூரில் இல்லை. பட்டாளத்துக்கு இனி உதவாது என்று கழித்துப்போட்ட சின்னச் சண்டை விமானம். போன வெள்ளிக்கிழமை இறக்கை வேறு உடம்பு வேறாக இரண்டு லாரியில் வந்து, பாடாலூர் ரோட்டில் பாயின் யார்டில் இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களை நம்பி யார்டு வாசலில் வேர்க்கடலை வியாபாரமே நடந்தது. ஏலத்தின் நிபந்தனை கண்டிப்பானது. எந்தப் பாகத்தையும் பாகமாக விற்கக் கூடாது. எல்லாவற்றையும் பத்து நாளுக்குள் துண்டு போட வேண்டும். வெட்டுவதற்கு முன் ஒன்று, வெட்டிய பின் ஒன்று என்று போட்டோ எடுத்துப் பட்டாளத்துக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும்.

"அந்த சீட்டுதாம்மா செவ்வாக்கெழம காலையிலேர்ந்து காணோம். யார்டுல இரும்பு வெட்டற சாமிதுரையை ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்க."

"சீட்டுக்கு அடியில வெடி இருக்குங்க" என்றார் டீச்சர். இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்வதுபோல் சொன்னார். "விமானம் விழப் போறப்ப பைலட்டைச் சீட்டோட வெளியே தூக்கி எறியற வெடி. அதை எடுத்துட்டுத்தான் விக்கணும். இதுல எடுக்க விட்டுப்போச்சாம். தலைக்கு மேல உள்ள கைப்பிடியைப் பிடிச்சு இழுத்தா வெடிச்சிரும். ரெண்டு பின் சொருகியிருக்கு, அதுல செகப்புப் பட்டை தொங்கும், அது இருக்கற வரைக்கும் பயமில்லை, யாரும் தொட வேண்டாம், நாளைக்கு ஆபீசர் நேர்ல வர்றாருன்னு போட்டிருக்கு."

பாய் சுவரோரமாக உட்கார்ந்தார்.

"டீச்சர், இது சாதாரண திருட்டு இல்ல" என்றான் தர்மராஜ். மாதம் இரண்டு துப்பறியும் நாவல் படிக்கிறவன். "வெளிநாட்டுக்காரன் கை இருக்கு." சொல்லும்போதே அவன் பார்வை லத்தீபின் கறுப்புக் கண்ணாடியில் போய் நின்றது.

லத்தீப் அதைக் கவனிக்கவில்லை. "மாமா, நான் பத்து மணி பஸ்ஸப் புடிக்கறேன். அரியலூர்ல ஒரு வேலை இருக்கு. ஞாயித்துக்கெழம பம்பாய்க்கு ரயில் ஏறணும்" என்று பையைத் தொட்டுக்கொண்டே இறங்கினான்.

"பாத்தீங்களா? சீட்டுன்ன ஒடனே எடத்தைக் காலி பண்றான்" என்று தர்மராஜ் கிசுகிசுத்தான்.

"அந்த ஆள் உசரத்துக்கு ஒரு சீட்டைப் பொட்டியில ஒளிச்சு துபாய்க்குக் கொண்டுபோனா, பொட்டிக்கு ஒரு டிக்கெட் எடுக்கணும்" என்றார் டீச்சர். "பாய், அது கடைசியா எப்ப யார்டுல இருந்துச்சு?"

பாய் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். வெட்டுவதற்கு முன் எடுத்த படங்களில் ஒன்று. நடுவில் அந்த சீட் தரையில் நின்றது. உயர்ந்த முதுகு, இரண்டு பக்கமும் வார், மேலேயிருந்து நாக்கு மாதிரி தொங்கும், கறுப்பு வெள்ளையில் கறுத்துத் தெரிந்த பட்டை. அதன் நிழல் பின்னாலிருந்த யார்டு கேட்டைத் தொடுகிற அளவுக்கு நீண்டிருந்தது. பின்பக்கத்தில், "திங்கள் மாலை 5 மணி, காசிநாதன் ஸ்டூடியோ, அரியலூர்" என்று எழுதியிருந்தது.

"திங்கக்கெழம நான் ஊர்ல இல்லை, நிக்காஹ் பேச்சுக்குப் போயிட்டேன். காசிநாதன் வந்து எல்லாத்தையும் படம் எடுத்தாரு. கடைசிப் படம் இதுதானாம். அதுக்கப்புறம் கேட்டைப் பூட்டியாச்சு. வாட்ச்மேன் இளையபெருமாள் ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தேன்றான். விடிஞ்சா சீட்டைக் காணோம்."

டீச்சர் மெஷினுக்கு உறை போட்டார். "யார்டைப் பாக்கலாம்."

*

யார்டு மெயின் ரோட்டுக்குக் கிழக்குப் பக்கம். தகரக் கேட் ரோட்டைப் பார்த்திருந்தது. கேட்டருகே குரும்பலூரிலிருந்து நடந்தே வந்திருந்த காத்தாயி, தூக்குச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். சாமிதுரையின் மனைவி.

"பாய், நீங்களே சொல்லுங்க. சீட்டைக் காணோம்னு மொதல்ல ஓடியாந்து சொன்னது எங்க வூட்டுக்காரருதானே? எடுத்தவரு வந்து சொல்லுவாரா? ஞாயித்துக்கெழம போல்ட்டைக் கழட்டி எறக்கி வச்சாராம், அதனால அவருதானாம். அவரு என்ன பண்ணுவாரு அந்தச் சீட்டை? எங்க வூட்டுக் கதவைவிட அது ஒசரம்."

பாய் தரையைப் பார்த்தார்.

"சாமிதுரை திங்கக்கெழம வேலைக்கு வந்தாரா?" என்று டீச்சர் கேட்டார்.

"இல்லைங்க, ஆக்சிஜன் சிலிண்டர் திருச்சிலேர்ந்து வரலை. கேஸ் இல்லாம எப்படி வெட்டுவாரு?"

டீச்சர் உள்ளே போய், போட்டோவில் சீட் நின்ற இடத்தில் நின்றார். வெயில் கிழக்கே பின்சுவருக்கு மேலே ஏறியிருந்தது. அவர் நிழல் கேட்டைப் பார்த்து விழுந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். தர்மராஜும் பார்த்தான். டீச்சருக்குத் தலைமுடி ஒரு பக்கம் கலைந்திருப்பது நிழலில் தெரிந்ததே தவிர அவனுக்கு வேறொன்றும் புலப்படவில்லை. அதனால் பின்சுவரோரம் காலடித் தடம் தேடப் போனான். ஒரு கழுதையின் தடம் கிடைத்தது.

வாட்ச்மேன் இளையபெருமாள் சத்தியம் செய்யத் தயாராகவே வந்தார். "அம்மா, என் மவ மேல ஆணை. ராத்திரி ஒரு ஈ காக்கா உள்ள வரலை. போலீசு பத்து தடவை கேட்டாச்சு. பத்து தடவையும் இதைத்தான் சொன்னேன்."

"நம்பறேன்" என்றார் டீச்சர். "மகளுக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா?"

இளையபெருமாள் மலர்ந்தார். "ஆமாங்கம்மா. ஜாதகத்தோட ஒரு படம் கேக்கறாங்க. காசிநாதன் ஐயா பெரிய சைஸ்ல சும்மாவே எடுத்துத் தரேன்னுட்டாரு."

"எப்ப சொன்னாரு?"

"திங்கக்கெழமதான்."

"எதுக்கு சும்மா?"

இளையபெருமாள் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். டீச்சர் அவரை அதோடு விட்டுவிட்டுத் திரும்பினார்.

"தர்மராஜ், காலையில கைப்பிடின்னு சொன்னியே, குல்சும் கவருக்குள்ள என்ன பாத்த?"

"நான் எங்க டீச்சர் அடுத்தவங்க கவரையெல்லாம்..."

"நான் டைப் அடிச்சுட்டிருந்தேன், பாக்கலை. நீ பாக்காம இருந்திருக்க மாட்ட. சொல்லு."

தர்மராஜ் சொன்னான். அட்டை விமானம், பிள்ளை, திண்டு, வரி போட்ட வளையம். சொல்லிக்கொண்டே வந்தவன் வளையத்தில் நின்றான். அவன் வாய் தானாக மூடியது. அவன் வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

"பட்டை எதாவது தொங்குச்சா? இந்தப் படத்துல தொங்குது பாரு, இது மாதிரி?"

"இல்ல டீச்சர். ஒண்ணும் தொங்கலை. சுத்தமா இருந்துச்சு."

"அப்ப பின்னை உருவியாச்சு" என்றார் டீச்சர். "பாய், ஜீப்பை எடுங்க. இளையபெருமாள், நீங்களும் ஏறுங்க. லத்தீப் தம்பி அரியலூர்ல என்ன வேலைன்னு சொன்னுச்சு?"

பாய்க்கு இரண்டு விநாடி ஆனது. "படம் எடுக்க" என்றார். உடனே ஜீப்பில் ஏறி ஓட்டினார்.

*

அரியலூர் ரோட்டில் அன்றைக்கென்று சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போயின. ஒவ்வொரு லாரியையும் முந்தும்போது பாய் ஒரு குர்ஆன் ஆயத்தை முணுமுணுத்தார். ஸ்டூடியோவில் போன் கிடையாது. இருந்திருந்தாலும், டிரங்க் கால் புக் செய்து லைன் கிடைப்பதற்குள் அவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

"கத்தாதீங்க" என்றார் டீச்சர், ஸ்டூடியோ வாசலில் இறங்கும்போது. "கையில எதையாவது புடிச்சிருக்கற ஆளு, கத்தினா இன்னும் இறுக்கிப் புடிப்பான்."

உள்ளே விளக்குகள் எரிந்தன. அட்டை விமானத்துக்குப் பின்னால், பட்டாளத்துப் பைலட் சீட்டில், அப்துல் லத்தீப் கறுப்புக் கண்ணாடியோடு நிறைந்து உட்கார்ந்திருந்தான். காசிநாதன் காமிரா துணிக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கையையும் மேல கொண்டு போங்க தம்பி. வளையத்தைப் புடிங்க. சின்னப் புள்ளைங்க மாதிரி சும்மா தொட்டா நல்லாருக்காது. நல்லா இழுத்துப் புடிச்சாதான் கைச்சதை தெரியும்."

லத்தீபின் கைகள் வளையத்தில் இருந்தன. தர்மராஜின் தொண்டை வரை ஒரு அலறல் வந்துவிட்டது. டீச்சர் அவன் காலை மிதித்தார்.

"லத்தீப் தம்பி" என்றார், மெதுவாக. "வாசப்படியில ஒரு பாஸ்போர்ட் கெடக்குதே, உன்னுதா பாரு."

லத்தீபின் இரண்டு கைகளும் வளையத்தை விட்டுச் சட்டைப் பைக்குப் பாய்ந்தன. கை போன வேகத்தில் ஆளும் எழுந்தான். பை தடித்துத்தான் இருந்தது. ஆனாலும் சந்தேகம் தீராமல், அட்டை விமானத்தைத் தள்ளிவிட்டு, காமிராவைத் தாண்டி வாசப்படிக்கே ஓடிவந்து குனிந்து தேடினான். பாய் அவனைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துப் போனார். நடுரோட்டில் வைத்துக் கட்டிக்கொண்டார். லத்தீப், "மாமா, இருக்கு மாமா, பையிலதான் இருக்கு" என்று அவரைத் தேற்றினான்.

காசிநாதன் துணியிலிருந்து தலையை எடுத்தார். "என்னங்க இது, லைட் எரியுது, பிலிம் போட்டாச்சு..."

"விளக்கை அணைச்சுட்டு வெளியே வாங்க" என்றார் டீச்சர். "மாடியில தையக்காரர் இருக்காருல்ல, அவரையும் எறங்கச் சொல்லுங்க. கதவைப் பூட்டிடலாம். நீங்க உக்கார வச்சது வெடி மேல."

*

எதிர்த்த டீக்கடையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். தெரு முழுக்க அவர்களைச் சுற்றி நின்றது. தர்மராஜுக்குத் தன் நாவல்களில் வருகிற கடைசி அத்தியாயம் போல இருந்தது. ஆனால் நாவல்களில் யாரும் இத்தனை டீ குடிப்பதில்லை.

"என்னைத் திருடன்னு சொல்லிடாதீங்க" என்றார் காசிநாதன். "வெட்டிக் குப்பையில போடப்போற சாமான். நான் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கெளம்பறப்ப அது அங்கதான் இருந்துச்சு. படம் இருக்கு."

டீச்சர் அந்தப் போட்டோவை டீக்கடை மேஜையில் வைத்தார். "படம்தான் உங்களைக் காட்டிக் குடுத்துச்சு. பாயோட கேட் எந்தத் திசை?"

"மேக்கே" என்றார் பாய்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சூரியன் மேக்கே, கேட்டுப் பக்கம் இருக்கும். நிழல் பின்சுவத்துப் பக்கம் விழணும். இதுல கேட்டைப் பாத்து விழுந்திருக்கு. இது காலையில எடுத்த படம். வந்தவுடனே மொதல்ல எடுத்ததைக் கடைசியா எடுத்ததுன்னு எழுதிட்டீங்க. சீட் சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சுன்றதுக்கு இந்த எழுத்தைத் தவிர வேற சாட்சி இல்லை. அதை எடுத்துட்டா, திங்கக்கெழம பகல் பூரா பாக்கியிருக்கு. பகல்ல கேட் தொறந்திருந்துச்சு. உங்க வேன் உள்ள நின்னுச்சு."

காசிநாதன் டீயை ஆற்றினார். அது முன்பே ஆறியிருந்தது.

"ஆனா அந்தச் சீட்டை ஒத்த ஆளு தூக்க முடியாதே டீச்சர்" என்றான் தர்மராஜ், இந்த இடத்தில் யாராவது கேட்டாக வேண்டும் என்பதால்.

"முடியாது. யார்டுல இருந்த இன்னொரு ஆளு இளையபெருமாள்தான்."

இளையபெருமாள் எழுந்து நின்றார். "அம்மா, பாய்கிட்ட கேட்டாச்சுன்னு சொன்னாருங்க. நம்பி ஒரு கை புடிச்சேன். செவ்வாக்கெழம பாய் தேடறப்பதான் பகீர்னுச்சு. ஆனா நான் பொய் சொல்லலைங்க. அவங்க ராத்திரியைப் பத்தித்தான் கேட்டாங்க."

"தெரியும். அதான் நம்பறேன்னு சொன்னேன். போலீசு பத்து தடவையும் ராத்திரியைத்தான் கேட்டுச்சு. நீங்க பகலைச் சொல்லலை. அதனால சாமிதுரை ரெண்டு நாளா பெஞ்சுல உக்காந்திருக்காரு. மகளுக்கு எடுக்கற படத்துக்காக." டீச்சர் குரலை உயர்த்தவில்லை. இளையபெருமாள் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார்.

"ஏங்க இந்த வேலை?" என்று பாய் காசிநாதனைக் கேட்டார். "கேட்டிருந்தா..."

"கேட்டிருந்தா நிபந்தனையைச் சொல்லி முடியாதுன்னிருப்பீங்க" என்றார் காசிநாதன். "பஸ் ஸ்டாண்டுகிட்ட கலர் ஸ்டூடியோ வந்துடுச்சு பாய். எங்கிட்ட இருக்கறது ஓரம் நைஞ்ச அட்டை பிளேன். நெசமான பைலட் சீட்டுன்னா உங்க பக்கத்துப் பொம்பளைங்க அங்க போக மாட்டாங்கன்னு நெனச்சேன். ரெண்டு நாள்ல பதினாலு புள்ளைங்களை எடுத்தேன்."

"அந்தச் செகப்புப் பட்டை?" என்று கேட்டார் டீச்சர்.

"மொகத்தை மறைச்சுச்சு. உருவிட்டேன்."

அந்தப் பட்டைகள் இரண்டும், பின்னோடு, ஸ்டூடியோவில் தாஜ்மகால் வரைந்த திரையைச் சுருட்டிக் கட்டப் பயன்பட்டுக்கொண்டிருந்தன. அது அன்று சாயங்காலம் ஊருக்கே தெரிந்தது. தெரியப்படுத்தியவன் தர்மராஜ்.

*

வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்தார். முதலில் பின்களைச் சொருகினார். பிறகு தெருவைக் காலி செய்யச் சொல்லி, ஒரு மணி நேரம் உள்ளே இருந்து, வெடி அடைத்த கையளவு பித்தளைக் குழல்கள் இரண்டை மண் நிரப்பிய பெட்டியில் வைத்து எடுத்துவந்தார். சின்னப் பிள்ளைகள் பலத்துக்கு அந்தக் கைப்பிடி அசைந்திருக்காது என்றார். பிறகு லத்தீபை மேலும் கீழும் பார்த்தார். மேலே, தையக்காரர் மாடியைப் பார்த்தார். லத்தீப் ஞாயிற்றுக்கிழமை வரை வீட்டில் எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை என்று கேள்வி.

சாமிதுரையை வியாழக்கிழமை மாலையே விட்டுவிட்டார்கள். பாய் ஜீப்போடு ஸ்டேஷன் வாசலில் நின்றார். என்ன சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தவர், ஆளைப் பார்த்ததும் முன் சீட்டைக் காட்டி, "உக்காரு" என்று மட்டும் சொன்னார். சாமிதுரை முதலில் காத்தாயியைப் பார்த்தான். அவள் தலையை அசைத்த பிறகுதான் ஏறினான்.

சிலிண்டரும் வந்து சேர்ந்தது. சனிக்கிழமை பாய் யார்டில் சாமிதுரை அந்தச் சீட்டை நடுவில் பிளந்தான். வெட்டிய பின் எடுக்க வேண்டிய படத்தை இலவசமாக எடுத்துத் தர வேண்டும், இளையபெருமாள் மகள் படத்துக்கும் காசு வாங்கக் கூடாது என்று காசிநாதனிடம் சொல்லியாகிவிட்டது. தன் மேல் புகார் கொடுக்காமல் விட்டதற்கு அது மலிவு என்று அவருக்கே தெரியும்.

"வெட்டினவனும் படத்துல நிக்கட்டும்" என்றார் டீச்சர். சாமிதுரை மறுத்தான். காத்தாயி அவன் தலையை ஈரக் கையால் வாரிவிட்டாள். இரண்டு துண்டுகளுக்கு நடுவில், கேஸ் டார்ச்சைத் துப்பாக்கி மாதிரி நெஞ்சில் பிடித்துக்கொண்டு, அவன் முதன்முதலாக ஒரு படத்துக்கு நின்றான்.

திங்கள்கிழமை படம் வந்தது. பின்பக்கத்தில், "சனி மாலை 5 மணி" என்று எழுதியிருந்தது. கிடங்குக்கு அனுப்பும் கவரில் விலாசம் அடித்து முடித்த டீச்சர், படத்தைத் திருப்பி, கேட் இருக்கும் பக்கத்தைப் பார்த்தார். சாமிதுரையின் நிழல் அதற்கு எதிர்ப்புறமாக, பின்சுவர் வரைக்கும் நீளமாக விழுந்து கிடந்தது.

"சரியா இருக்கு" என்று சொல்லிக் கவருக்குள் வைத்தார். காத்தாயிக்கென்று எடுத்த இன்னொரு பிரதி, டீச்சர் கவரை ஒட்டுவதற்குள் தர்மராஜின் கையில் இருந்தது.